பச்சைக் காய் ஏன் தோற்றது

மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னல்களையும் சாத்திவிட்டு, ஆடி மாதத்து மதியத்தில் நான்கு பேர் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தோம். காற்றடித்தால் சீட்டுகள் பறந்துவிடும். ஊரெல்லாம் ஆடிக்காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருக்க, நம் வீட்டில் மட்டும் சாத்தியிருப்பதைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று என் கணவர் சங்கரன் கேட்டார். என் கண்ணெல்லாம் பச்சைக் காய் மேல் இருந்தது.

பச்சை, அம்மாவுடையது. அவளுடைய குளத்தில் நீலப் பட்டன்கள் நிறைந்து கிடந்தன. பட்டன் என்றால் சட்டைப் பட்டன்தான். எங்கள் விளையாட்டில் அதுதான் தண்ணீர். இன்னும் ஒரே ஒரு சுற்று பாக்கி. அந்தத் தண்ணீரைத் தன் வாழைக்குப் பாய்ச்சினால் ஆட்டம் அம்மாவுக்கு. அவளோ மடையைத் திறந்து அத்தனையையும் கீழே விட்டாள். அட்டையில் அதற்குக் கீழே இருந்தது என் மாமியாரின் சிவப்பு ஊர்.

"என்னம்மா இது?" என்றேன்.

"நெறயக் கெடக்குல்லா. கொளம் ஒடைஞ்சிட்டுன்னா என்ன செய்ய? எனக்குப் போதும்ட்டி."

மாமியார் பட்டன்களை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டார். "ஒங்க அம்மாவுக்கு இது புரிபடல போலிருக்கு கோமதி. பாவம், இன்னுங் கொஞ்சம் லேசா ஏதாச்சும் செஞ்சு குடேன்" என்றார்.

அம்மா சிரித்தாள். போன சனிக்கிழமையும் இப்படித்தான் தோற்றாள், இப்படித்தான் சிரித்தாள். அதற்கு முந்தைய சனிக்கிழமையும் அப்படியே. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா மேலும் இல்லை, அத்தை மேலும் இல்லை. நானே கோடு போட்டு, நானே வெட்டி, நானே ஒட்டிய அந்த அட்டையின் மேல். பச்சைக்கு ஏதோ கோளாறு இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

வேஸ்ட் ஷீட்டில் ஓடிய ஆறு

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். இந்த வாரம்தான் புரட்டுகிறீர்கள் என்றால், ஒரு வரி போதும்: திருநெல்வேலி டவுனில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து டிசைன் செய்பவள் நான்.

எங்கள் தொழிலில் இரண்டு மாதங்களுக்கு ஈ ஓட்ட வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் பத்திரிகை இல்லை. மெஷினுக்குத் துணியைப் போர்த்திவிட்டு எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருப்போம். பத்திரிகை அடித்ததில் மை இழுவிப்போன வேஸ்ட் ஷீட்டுகள் ஒரு மூலையில் மலையாகக் கிடக்கும். முன்பக்கம் சந்தனக்கலரில் பிள்ளையார் இருப்பார், பின்பக்கம் சுத்த வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

அப்படி ஒரு மார்கழியில்தான் அதில் ஓர் ஆற்றை வரைந்தேன். மேலே மலை, கீழே கடல், நடுவில் ஓர் அணைக்கட்டு. அணைக்கட்டிலிருந்து ஒரு கால்வாய். கால்வாயோரமாக நான்கு ஊர், ஊருக்கொரு குளம், குளத்துக்குக் கீழே வயல். ஒரு மழைச் சீட்டைத் திருப்பினால் கால்வாயில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியும். மேலே இருக்கிற ஊர் வேண்டியதைத் தேக்கிக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடலாம். விடாமலும் இருக்கலாம். அடுத்த சுற்றில் வேறு ஊர் மேலே வந்துவிடும். கடைசியில் யார் வயலில் விளைச்சல் அதிகமோ அவர் ஜெயித்தார். 'மடை' என்று பெயர் வைத்தேன்.

இது எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அம்மாவிடமிருந்து வந்தது. களக்காட்டில் எங்களுக்கு இருந்த வயல்களில் பெரும்பகுதி தாத்தா காலத்திலேயே போய்விட்டது. மிஞ்சியிருந்த வாழைத் தோட்டத்தை அப்பாவுக்குப் பிறகு அம்மாதான் பார்த்தாள். எனக்குப் பத்து, பதினோரு வயதிருக்கும். எங்கள் முறைத் தண்ணீரை யாரோ இடையில் வெட்டித் திருப்பிக்கொண்டார்கள். அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, வரப்பிலேயே நடந்து போய், மண்வெட்டியோடு நின்ற இரண்டு ஆண்களுக்கு எதிரே நின்றாள். "எம் முறை முடியட்டும். பெறகு ஆத்தையே கொண்டு போங்க" என்றாள். அவர்கள் பேசப் பேச, அவள் குனிந்து வெறுங்கையால் மண்ணை அள்ளி அந்த வெட்டை அடைத்துக்கொண்டிருந்தாள். வாழை வியாபாரிகள் அவளிடம் விலை பேச வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆவுடையம்மாள் என்றால் களக்காட்டுச் சந்தையில் அப்படி ஒரு மரியாதை.

அந்த அம்மாதான் என் வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து நிறைந்த குளத்தைத் திறந்துவிட்டுச் சிரிக்கிறாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ராதாபுரத்துக்காரி

அச்சக முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். நான் வெட்டி ஒட்டுவதை ஒரு வருடமாக ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த ஆடி பிறந்ததும் என் மேஜைக்கு வந்தார்.

"ஏம்மா, இந்த மாசம் மெஷின் சும்மாதான கெடக்கு. ஒழுங்கா முடிச்சுக் கொண்டாந்தேன்னா பெட்டி போட்டு அடிச்சிருவோம். கடைக்காரங்க கிட்ட நான் பேசிக்கிடுதேன். ஆனா ஆவணி பொறந்துட்டா நானே நெனச்சாலும் முடியாது பாத்துக்க. முகூர்த்தம் கழுத்த நெரிக்கும்."

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. பச்சையைச் சரிசெய்யாமல் கொடுக்க முடியாது. நான்கு பேர் ஆடுகிற ஆட்டத்தில் ஒருவர் மட்டும் எப்போதும் தோற்றால் அது விளையாட்டா?

முதலில் குளம் உடைகிற சீட்டுகளை எடுத்துவிட்டேன். அம்மா உடைப்புக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் மடையைத் திறந்தாள். "நெறஞ்ச கொளத்தப் பாத்தா ஒரு இதுவா இருக்கு" என்றாள். அன்றைக்கே அடுத்த ஆட்டத்தில் பச்சைக்குக் கூடுதலாக ஒரு மழைச் சீட்டு கொடுத்தேன். தோற்றாள். பச்சையின் வாழைக்குக் குறைந்த தண்ணீரே போதும் என்று விதியை மாற்றினேன். அதிலும் தோற்றாள். சங்கரன் பாளையங்கோட்டையில் கோர்ட் குமாஸ்தா. "பச்சைக்கு இவ்வளவு சலுகை குடுத்தா மத்த மூணு பேரும் மேல்முறையீட்டுக்குப் போவோம்" என்று மிரட்டினார்.

சலுகைகள் அத்தனையும் சேர்த்த அட்டையைத் திங்கட்கிழமை அச்சகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பைண்டிங் மேஜையில் விரித்தேன். எங்களோடு லேமினேஷன் வேலை பார்க்கும் செல்வி பச்சையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஊர் ராதாபுரம். பனை மரமும் செம்மண்ணும்தான்.

"எங்க ஊருலதான் மழையே கெடையாதுக்கா. இங்கனயாவது தண்ணியக் கண்ணால பாக்கேன்" என்று உட்கார்ந்தவள், ஒரு பட்டனைக்கூடக் கீழே விடவில்லை. கீழே இருந்த மூன்று பேரும் காய்ந்து கருவாடானார்கள். ஆட்டம் பாதி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. இன்னொரு முறை ஆடினோம். வேறு ஒருவர் பச்சையை எடுத்தார். அவரும் அதே வேகத்தில் ஜெயித்தார்.

செல்வி முகத்தைச் சுளித்தாள். "யக்கா, பச்சைய எடுத்தா கண்ண மூடிட்டு ஜெயிக்கலாம் போலிருக்கே. இது என்ன ஆட்டம்?"

நான் அட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கிற காயை வைத்துக்கொண்டு ஒருத்தி வாராவாரம் தோற்கிறாள். களக்காட்டில் தண்ணீருக்குச் சண்டை போட்டவள். அட்டையில் கோளாறே இல்லை.

பெயர் போடும் வரிசை

கொஞ்சம் வழிமாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணப் பத்திரிகையில் எனக்குக் கஷ்டமான வேலை பூவும் இல்லை, பிள்ளையாரும் இல்லை. பெயர்தான். யார் பெயர் முதலில், யார் பெயர் பிறகு, எந்தப் பெயருக்கு எவ்வளவு பெரிய எழுத்து. மாப்பிள்ளை வீட்டார் பெயர் ஒரு நூல் சிறுத்துவிட்டது என்று அடித்து முடித்த பத்திரிகையைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. பெண் வீட்டார் அப்படிக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. ப்ரூஃப் பார்க்க வரும் பெண்ணின் அப்பா தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடவே மாட்டார். "அவங்க பேரு சரியா இருக்காம்மா? அது போதும்" என்பார். இதை வருடக்கணக்காக என் கையாலேயே அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

என் கல்யாணத்துக்கு மறுநாள் எங்கள் வீட்டில் சொதி விருந்து. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டுக் கொதிக்கும் வாசனை தெருமுனை வரை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மூன்று பந்தி சாப்பிட்டார்கள். அம்மா இலைக்குப் பின்னால் நின்றாள். யாருக்கு எது குறைகிறது என்று கண் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசிப் பந்தியில் அவள் உட்கார்ந்தபோது சொதி தீர்ந்துபோயிருந்தது. ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "சொதி நல்லா இருந்துச்சாட்டி?" என்று என்னிடம் கேட்டாள்.

அச்சகத்தில் ஆடிப் பார்த்த பிறகு வந்த சனிக்கிழமையும் அம்மா வழக்கம்போல் களக்காட்டிலிருந்து வந்தாள். வழக்கம்போல் தோற்றாள். இந்த முறை நான் அட்டையைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தேன். விளைச்சலை இரட்டிப்பாக்கும் சீட்டு அவளிடம் வந்தது. அதைப் பைய மற்றச் சீட்டுகளுக்கு அடியில் சொருகிவிட்டு, உபயோகமில்லாத ஒன்றைப் போட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நல்ல ஆட்டக்காரிக்குத்தான் அவ்வளவு சுத்தமாகத் தோற்கத் தெரியும்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட நானும் கூட நடந்தேன்.

"வேணும்னே தோக்கியாம்மா?"

"ஆமா, ஜெயிச்சா கிரீடம் வைக்கப் போறாவளாக்கும்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அம்மா நின்றாள். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "பொண்ணக் குடுத்த வீட்டுல வந்து ஒக்காந்து, சம்பந்தியத் தோக்கடிச்சிட்டுப் போகச் சொல்லுதியாட்டி?"

"வெளையாட்டும்மா அது!"

"வெளையாட்டுதான. அதான் விட்டேன். நெசமா இருந்தா விடுவனா?"

"நெசத்துலயும் விட்டுக்கிட்டுத்தான இருக்க. தீபாவளிக்கு எங்கன இருக்கணும், பத்திரிகைல யாரு பேரு மொதல்ல வரணும், எல்லாத்துலயும் அத்தை சொன்னதுக்குத் தலைய ஆட்டுன. இதுலயாவது ஒனக்குன்னு ஆடேன்."

"எனக்கு என்னட்டி வேணும்? நீ அங்கன மனக்கஷ்டம் இல்லாம இருக்கணும்."

நான் மனக்கஷ்டம் இல்லாமல்தான் இருக்கிறேன். அத்தை ட்ரெஷரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கொஞ்சம் அதட்டுவார், அவ்வளவுதான். கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. எனக்காக இனி யாரும் எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அம்மா நிறுத்த மறந்துவிட்டாள். பஸ் கிளம்பிய பிறகு நடுரோட்டில் நின்ற எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. 'பாவம், அவளுக்குப் புரியவில்லை' என்று அத்தை சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் அம்மாவுக்கா புரியவில்லை?

அவள் நிஜமாக ஆடுகிற மாதிரி ஒரு விளையாட்டைச் செய்யாமல் அந்தப் பெட்டியை அச்சுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு கட்டினேன். ஆடி முடிய இரண்டே சனிக்கிழமைதான் இருந்தன.

பஜனையும் லாட்டரியும்

செல்விக்கு விஷயத்தைச் சொன்னபோது, "எல்லாரையும் ஒரே கட்சியா ஆக்கிருங்கக்கா. ஆத்துக்கு எதிரா நாலு பேரும் சேந்து ஆடட்டும்" என்றாள். நல்ல யோசனைதான். அப்படியே மாற்றி, வார நாளில் அத்தையையும் சங்கரனையும் வைத்து ஆடிப் பார்த்தேன். "இதைப் போடட்டுமா?" "போடேன்." "அதை எடுக்கட்டுமா?" "எடேன்." அரைமணி நேரம் பஜனை பாடியது போல் இருந்தது. அத்தை நடுவில் கொட்டாவி விட்டார்.

அடுத்து, யாருக்கு எந்த ஊர் என்று கடைசிவரை யாருக்குமே தெரியாமல் வைத்தேன். ஆட்டம் முடிந்த பிறகு சீட்டைப் புரட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். தன் ஊர் எதுவென்று தெரியாவிட்டால் எதைத்தான் விட்டுக்கொடுப்பாள்? என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். சங்கரன் ஒரு சுற்று ஆடிவிட்டு, "இதுக்கு லாட்டரிச் சீட்டு வாங்கலாம்" என்று எழுந்து போனார். எனக்கு ரோஷம் வந்தாலும் அவர் சொன்னது சரி. எதற்காக ஆடுகிறோம் என்று தெரியாதபோது கை ஓடவே இல்லை.

இப்படியே ஒரு சனிக்கிழமை வீணாகப் போனது. அன்று அம்மாவுக்கு முன் எதையும் விரிக்கவில்லை. "என்னட்டி, இன்னைக்கு ஆட்டம் கெடையாதா?" என்று அவள்தான் கேட்டாள். குரலில் ஓர் ஏமாற்றம் இருந்தது. அதை நான் பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க ஒரே கேள்வி. அம்மா எதை விட்டுக்கொடுப்பாள், எதை விடமாட்டாள்? தன்னுடையது என்றால் விட்டுவிடுவாள். அப்பா இருந்தவரை தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்காதவள், அந்தத் தோட்டம் எனக்குச் சேர வேண்டியது என்று ஆனபிறகு அல்லவா மண்வெட்டிக்கு எதிரே நின்றாள். அடுத்தவருக்கு உரியதைக் காக்கும் பொறுப்பு தன் கையில் இருந்தால் உயிரே போனாலும் விடமாட்டாள்.

அப்படியானால் அவள் தோற்கும்போது கூட ஒருவரும் தோற்க வேண்டும். அந்த ஒருவர் யாரென்று அவளுக்குத் தெரியக் கூடாது. சம்பந்தியாக இருக்கலாம். மாப்பிள்ளையாக இருக்கலாம். மரியாதைதானே அவளைத் தோற்க வைக்கிறது? அதே மரியாதையை மடக்கிப் பிடித்து அவளை ஜெயிக்க ஆட வைப்பேன் என்று வேஸ்ட் ஷீட்டை உருவினேன்.

நான்கு ஊரையும் கோடு போட்டு அடித்தேன். பச்சை, சிவப்பு எல்லாக் காய்களையும் தூக்கிப் போட்டேன். இரண்டே குளம்: மேலக்குளம், கீழக்குளம். நான்கு சீட்டு: இரண்டில் மேலக்குளம் என்றும் இரண்டில் கீழக்குளம் என்றும் எழுதினேன். ஆளுக்கொன்று எடுத்து ஒளித்துக்கொள்ள வேண்டும். நம் கூட்டாளி யார் என்பது ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரியும்.

இரண்டு சுருக்குப் பைகள்

ஆடியின் கடைசிச் சனிக்கிழமை. மறுபடியும் ஜன்னல்களைச் சாத்தினேன். குளங்களுக்குப் பதிலாக இரண்டு சுருக்குப் பைகள் தைத்திருந்தேன். தண்ணீர்ப் பட்டன்களைக் கைக்குள் மூடி, இரண்டு பைக்குள்ளும் கையை விட்டு எடுக்க வேண்டும். எதில் எத்தனை போட்டோம் என்று யாருக்கும் தெரியாது. மடைச் சீட்டு மட்டும் எல்லோர் முன்னாலும் போட வேண்டும். மடைச் சீட்டு போட்டால் எந்தப் பையின் வாயை வேண்டுமானாலும் இறுக்கிக் கட்டலாம். அந்தச் சுற்று முழுக்க எல்லார் தண்ணீரும் மற்றப் பைக்குத்தான். கட்டிய பையை அவிழ்க்கவும் ஒரு சீட்டு உண்டு.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு பைய, "நான் தோத்தா என்கூட இருக்கவுகளும் தோத்துருவாகளா?" என்றாள்.

"ஆமா."

"அது யாருன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாது. அத்தையா இருக்கலாம்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் செய்திருப்பது அவளுக்கு விளங்கிவிட்டது. சீட்டை எடுத்துப் பார்த்தாள், மடியில் சொருகினாள், சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வரப்பில் நடந்து போனபோது பார்த்த அதே செருகல்.

முதல் சுற்றிலேயே அவள் கீழக்குளத்தைக் கட்டினாள். முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். "மதினி, நெசக் கொளத்தக் கட்டுத மாரில்லா கட்டுதீய!" என்றார் அத்தை. "கட்டுனாத்தான மதினி நிக்கும்" என்றாள் அம்மா, நிமிர்ந்து பார்க்காமல்.

அத்தை சும்மா இருப்பவர் இல்லை. அடுத்தடுத்த சுற்றுகளில் மேலக்குளத்தைக் கட்டினார். அம்மா அதை அவிழ்க்கும் சீட்டை எடுத்துவைத்துக் காத்திருந்து, மழை அதிகமாக வந்த நேரம் பார்த்து அவிழ்த்தாள். அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இதுவரை ஒரு ஆட்டத்திலும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பட்டன்கள் பைக்குள் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

கடைசிச் சுற்றில் பெருமழை. கைநிறையப் பட்டன். சங்கரன் ஒரு மடைச் சீட்டைப் போட்டு மேலக்குளத்தைக் கட்டினார். அத்தனை தண்ணீரும் கீழக்குளத்துக்குப் போனது.

பைகளைக் கவிழ்த்தோம். கீழக்குளத்தில் கொஞ்சம்தான் அதிகம். ஆனாலும் அதிகம். சீட்டுகளைப் புரட்டினோம். கீழக்குளம், அத்தையும் நானும். மேலக்குளம், அம்மாவும் சங்கரனும்.

அம்மா அந்தச் சீட்டை எடுத்து ஒருமுறை படித்தாள். மாப்பிள்ளையிடம் அவள் நேருக்கு நேராகப் பேசுவதே அபூர்வம். 'அவுகளுக்குக் காப்பி குடுட்டி' என்று எல்லாம் என் வழியாகத்தான் போகும். இப்போது நேராகத் திரும்பினாள்.

"நீங்க மேலக்கொளமா மாப்ள?"

"ஆமா அத்தை."

"பெறகு எதுக்கு மேலக்கொளத்தக் கட்டுனீய?"

"இல்ல, நம்ம எந்தக் கட்சின்னு மத்தவங்களுக்குத் தெரிஞ்சிரக் கூடாதுல்லா. அதான் ஒரு நடிப்பு..."

"கடைசிச் சுத்துலயா நடிக்கது?" அம்மாவின் குரல் சாத்தியிருந்த ஜன்னலைத் தாண்டிப் போயிருக்கும். "நாலு சுத்தா நான் சீட்டப் பொத்திப் பொத்தி வச்சு ஒரு கொளத்தக் காப்பாத்திக்கிட்டு வாரேன். தண்ணி வார நேரத்துல எவனாவது தன் மடையத் தானே அடைப்பானா? கூறு வேண்டாமா?"

சங்கரன் வாய் திறந்தபடி இருந்தார். எங்கள் கல்யாணத்திலிருந்து அன்றுவரை அம்மா அவரை ஒரு சொல் கடிந்ததில்லை. நான் அத்தையைப் பார்க்கப் பயந்தேன்.

அத்தை வெடித்துச் சிரித்தார். "நல்லாக் கேளுங்க மதினி! கோர்ட்டுல ஒக்காந்து ஊர்க் கேசெல்லாம் பாக்கான், சொந்தக் கேசக் கெடுத்துட்டு வாரான்!" தொடையைத் தட்டிக்கொண்டார். "ஆனா ஒண்ணு. நீங்க இந்த ஆட்டம் ஆடுவீயன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. எனக்கு வேர்த்துக் கொட்டிட்டு."

அம்மா அதற்குச் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை, 'போகட்டும் மதினி' என்று குழையவும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கீழக்குளத்துப் பட்டன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயிறு எரிந்தது. அது முகத்தில் அப்படியே தெரிந்தது. இத்தனை வாரம் ஜெயத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தவள் அன்றுதான் முதல்முறையாகத் தோற்றாள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அவள் தனக்காக ஆடவில்லை என்பது எனக்குத் தெரியும். யாருக்காகவோதான் ஆடினாள். ஆனால் அந்தக் கோபம் அவளுடையது, வேறு யாருடையதும் இல்லை.

விதிகளில் அதன் பிறகு நான் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. திங்கட்கிழமை காலையில் அண்ணாச்சி மெஷின் மேலிருந்த துணியை எடுத்தார். அந்தப் பெட்டி இப்போது டவுனிலும் பாளையங்கோட்டையிலும் சில கடைகளில் கிடைக்கிறது. எப்படி விற்கிறது என்பது வேறு கதை.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை, ஆட்டம் முடிந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது. நான் ஜன்னலைத் திறக்கப் போனேன். சங்கரன் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, "நான் போய் எல்லாருக்கும் காப்பி போடுதேன்" என்று நழுவப் பார்த்தார்.

அம்மா சீட்டுகளைக் கலைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

"எங்க எந்திரிக்கீய மாப்ள? ஒக்காருங்க."